மணக்கும் துணி

பத்திரிகைப் படக்காரருக்கு மூன்று நாளாக மண்டைக் குடைச்சல். எடுத்த படமெல்லாம் புகை படிந்ததுபோல் வந்தது. லென்ஸைத் துடைக்கத் துடைக்க மோசமானதே தவிர, தெளியவில்லை. உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, கேமரா பழுதுபார்க்கும் பெண்ணிடம் கொண்டுபோனார்.

அவள் லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். துடைக்கிற துணியைக் கேட்டு வாங்கி, மூக்கருகே பிடித்துச் சிரித்துவிட்டாள்.

"லென்ஸுக்கு ஒண்ணும் இல்ல சார். துணிதான் கமகமன்னு மணக்குது. துணிக்கு வாசனைக்குப் போடுற கண்டிஷனர்ல அலசியிருக்காங்க. அந்தப் பிசுக்குதான் கண்ணாடியில ஏறுது."

முதலில் ரப்பர் பம்பை அமுக்கித் தூசியை ஊதினாள். ஊதாமல் துடைத்தால் தூசியே கண்ணாடியைக் கீறிவிடுமாம். பிறகு புதுத் துணியில் ஒரே ஒரு சொட்டு திரவம் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமிட்டுத் துடைத்தாள். விரல் அழுந்தியதா என்றே தெரியவில்லை. இருபது வருடமாகக் கேமரா தூக்கியவர் குனிந்து அவள் விரலையே உற்றுப் பார்த்தார்.

வீட்டில் துணி துவைப்பது மாமியாரின் ராஜ்ஜியம். மருமகனின் துணியாயிற்றே என்று லென்ஸ் துணிகளையும் துண்டுகளோடு சேர்த்துப் பாசத்தோடு கண்டிஷனரில் அலசி, இஸ்திரியும் போட்டிருந்தார். இதை எப்படிச் சொல்வது? மனைவியோ, "நீங்களே சொல்லிக்கோங்க" என்று நழுவிவிட்டாள். படக்காரர் மென்று விழுங்கி ஒருவழியாகச் சொன்னார்.

மாமியார் முகம் சுளிக்கவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றார்.

மறுநாள் கடையில் அரைமணி நேரம் அவளைக் கேள்விகளால் துளைத்தெடுத்தார். வந்ததும் அந்தத் துணிகளுக்கென்று தனி வாளி ஒதுக்கினார். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, நுரை போன பிறகும் இன்னொரு அலசல், நிழலில் காயப்போடுதல். துண்டுகளோடு சேர்த்தால் பஞ்சு ஒட்டுமென்று கிட்டவே விடவில்லை. நாலுமுறை அலசியும் நம்பாமல், தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். பிசுக்கில்லை என்று உறுதியான பிறகே துணிகளை மூடி போட்ட டப்பாவில் வைத்து நீட்டினார்.

அடுத்த வாரம் நீச்சல் போட்டிப் படம் முதல் பக்கத்தில் வந்தது. தெறித்த துளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. புது லென்ஸா என்று கேட்டார் ஆசிரியர்.

"பழசுதான் சார். எங்க அத்தை கைவண்ணம்" என்றார் படக்காரர், பெருமை பிடிபடாமல்.