மெட்ராஸில் எடுத்த போட்டோ

முத்துப்பேச்சியை ஐஸ் பெட்டியில் வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஃபிளெக்ஸ் அடிக்கப் போட்டோ வேண்டும் என்று வந்து நின்றான் ஸ்டுடியோக்காரன் மொக்கைச்சாமி. பெண்டாட்டியின் ஓட்டர் கார்டை எடுத்து நீட்டினார் சோலைமுத்து.

“அண்ணே, இதுல மூஞ்சியே தெரியலையே. கரியப் பூசுனாப்புல இருக்கு. வேற இல்லையா?”

வேறு எங்கே இருக்கும்? கல்யாண ஆல்பத்தைக் கிணற்றில் வீசியவரே இவர்தான். பிற்பாடு விசேஷ வீடுகளில் கேமரா இந்தப் பக்கம் திரும்பினால் போதும், அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அக்காளின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த கொழுந்தியாள் பேச்சாயி மெல்லச் சொன்னாள். “பெட்டிக்குள்ள ஒண்ணு இருக்குல்ல, மச்சான். மெட்ராஸுல எடுத்தது. அதக் குடுங்க.”

மகள் பக்கத்தில் இருக்கிறாளா என்று அவர் சுற்றிலும் பார்த்தார்.

பத்து வருஷம் ஆகிறது. பூ மண்டியில் எவனோ உளறியதைக் கேட்டு, நான்கு வயதுக் கீர்த்தனா தனக்குப் பிறக்கவில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார். டிஎன்ஏ பார்க்கச் சொல்லி மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்தம் எடுக்குமுன், ஆள் மாறிவிடக் கூடாது என்று மூன்று பேரையும் சேர்த்துப் போட்டோ எடுத்துத் தாளில் ஒட்டினார்கள். முடிவு வந்தது. பிள்ளை அவருடையதுதான்.

சொந்தபந்தம் கூடிப் பேசி அவளைத் திரும்ப அனுப்பி வைத்தது. வந்தவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “பிள்ளைக்கு மட்டும் இது தெரியக் கூடாது.” அதற்காகத்தான் கன்னிவாடியை விட்டுத் திண்டுக்கல்லுக்கே குடி வந்தார்கள். அப்புறம் அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அட, ஒரு நாளாவது ஏசியிருக்கலாமே! ஏசியிருந்தால் இவரும் நிம்மதியாய்ச் சோறு தின்றிருப்பார்.

உள்ளறையில் பெட்டியைத் திறந்து, கோர்ட் தாளிலிருந்து போட்டோவை நகத்தால் பிய்த்தெடுத்தார். அவள் நாற்காலியில், மடியில் பிள்ளை. அவள் கண் நேராக இவரைப் பார்த்தது. அவளை மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டால் பிள்ளை ஒன்றும் கேட்காது என்று கத்தரிக்கோலைத் தேடினார்.

“என்னப்பா அது?”

கீர்த்தனா. மறைக்க நேரமில்லை. கையிலிருந்து வாங்கிப் பார்த்தவளின் அழுது வீங்கிய முகம் மலர்ந்தது.

“ஐயோ, இதுதானா மெட்ராஸ் போட்டோ! அம்மா எம்புட்டுத் தடவ சொல்லிருக்கு. கேட்டா மட்டும் தொலஞ்சு போச்சுன்னுரும்.”

“என்ன... என்னத்தா சொல்லுச்சு?”

“பீச்சு பாக்கப் போனோமாம்ல? எனக்குக் காய்ச்சல் வந்து ஊசி போட்டாங்களாம். நான் அழுதேன்னு ரயில்ல வழி பூரா நீங்க என்னைய மடிய விட்டே எறக்கலையாம். அம்மா கேட்டும் குடுக்கலையாம். நெசமாப்பா?”

அன்றைக்கு அவர் வேறு பெட்டியில் ஏறி வந்தார். ஏறுமுன் பிளாட்பாரத்தில் பிள்ளை அப்பா என்று கையை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ம்” என்றார். ஓடிப்போய் முத்துப்பேச்சியின் காலைக் கட்டிக்கொண்டு கதற வேண்டும் போலிருந்தது. எதற்கு என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

கீர்த்தனாவே போட்டோவைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். “அண்ணே, அம்மா மட்டும் வரணும். முடியுமா?”

மொக்கைச்சாமி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “உன் கை அம்மா தோள்ல கெடக்கு பாப்பா. வெரலு லேசாத் தெரியும்.”

“தெரிஞ்சாத் தெரியட்டும்.”

“அப்பாவ வெட்டறதுல ஒரு செரமமும் இல்ல. ஒரு மொழம் தள்ளித்தான நிக்கிறாரு.”

கீர்த்தனா வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை அசைக்காமல் அப்படியே வைத்திருந்தார்.