பச்சைக் கிண்ணத்தின் அடி

முத்தழகு மருந்து டம்ளரை நீட்டியதும், கணவர் தங்கச்சாமி அதை நகத்தால் சுண்டிக் காதோரம் வைத்துக் கேட்டார். "புதுசு" என்றார். காலையிலிருந்து இதே கூத்துதான். மாத்திரை டப்பா புதுசு, கட்டில் சட்டம் புதுசு, பார்க்க வந்த டாக்டரின் கைக்கடிகாரமும் புதுசு. பார்வை முந்தின நாளே போய்விட்டது. அவர் நடத்திய காரைக்குடிப் பழஞ்சாமான் கடை மட்டும் அவருக்குள் இன்னும் திறந்தே இருந்தது. ஜன்னல் வழியாக வேப்பிலை நிழல் வந்து அவர் வேட்டிமேல் அலைந்தது. அறையே குளத்துக்கு அடியில் கிடப்பது மாதிரி இருந்தது. முத்தழகுக்குத் தான் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்றே தெரியவில்லை.

வாசலில் பாண்டிமுருகன் வந்து நின்றதையும் கனவு என்றுதான் நினைத்தாள். அரியக்குடியில் இருக்கும் கொழுந்தன் இந்தப் படி ஏறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கையில் துண்டில் சுற்றிய கிண்ணம்.

அதே கிண்ணம். சயாமிலிருந்து அந்தக் காலத்தில் கப்பலில் வந்த செலடான் என்று சொல்லி எவனோ அவன் தலையில் கட்டிய பச்சைப் பீங்கான். நிலத்தை விற்று வாங்கியிருந்தான். தங்கச்சாமி கடையில் நாலு பேர் முன்னால் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். பூச்சில் ஓடிய மயிர்க்கீறல்களில், பழசாகக் காட்டத் தடவிய தேயிலைச் சாயம். பூச்சில்லாத அடிவளையம் நேற்றுச் சுட்டதுபோல் சொரசொரவென்று இருந்தது. "டூப்ளிகேட்டுடா. போயி இதுல கஞ்சி குடி" என்றார். உண்மைதான். உண்மையை அப்படியா சொல்வது? அந்த மனுஷனுக்கு அந்த விஷயத்தில் மட்டும் நெஞ்சில் ஈரமே கிடையாது.

"மதனி, அண்ணன்ட்ட இன்னொரு தடவ காட்டணும்."

மறுபடியும் புதுசு என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டால், இவன் மனசு எந்தக் காலத்தில் ஆறும்? கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கட்டிலருகே குனிந்தாள்.

"இங்கேருங்க, ஒங்க தம்பி வந்துருக்காக. பழசுன்னு சொல்லிருங்க. எனக்காக."

அவர் கிண்ணத்தை வாங்கினார். சுண்டினார். கேட்டார். கவிழ்த்து, கட்டைவிரலால் அடிவளையத்தைத் தடவினார். விரல் ஒரு சுற்று சுற்றி வந்தது. பிறகு இன்னொரு சுற்று, தெரிந்த தெருவில் நடக்கிற மாதிரி நிதானமாக.

"பழசு" என்றார். "புழங்குன சாமான்டா இது. எங்கிட்டுப் புடிச்ச?"

பாண்டிமுருகன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "கஞ்சி குடிச்சேண்ணே. நீ சொன்ன அன்னையில இருந்து தெனமும் இதுலதான். கோவத்துல."

அது அவர் காதில் விழுந்ததோ இல்லையோ. கிண்ணம் அவர் நெஞ்சின்மேல் கொஞ்ச நேரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு அசையவில்லை.

முத்தழகு அதை எடுத்தபோது அவள் விரல் அடியில் பட்டது. குழவிக்கல் மாதிரி வழுவழுப்பு. தனக்காகப் பொய் சொன்னாரா, விரலுக்குப் பட்டதைச் சொன்னாரா? இனி யாரிடம் கேட்பது? அப்போதுதான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை கடைத்தெரு வியாபாரிகள் வந்தார்கள். அவர்களில் கார்த்திகேயன் மாலையைப் போட்டுவிட்டு, தலைமாட்டில் இருந்த கிண்ணத்தைக் கையில் எடுத்தான். எழவு வீட்டிலும் தொழில் புத்தி விடுமா? வெளிச்சத்தில் பிடித்துக் கீறல்களை உற்றுப் பார்த்தான்.

"செலடானா? அண்ணன் வீட்லயா? இது..."

கொள்ளி வைக்க ஈர வேட்டியோடு நின்ற பாண்டிமுருகன் திரும்பிப் பார்த்தான்.

"இங்குட்டுக் குடுங்க" என்று முத்தழகு கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அதில் வாய்க்கரிசியைக் கொட்டினாள். விளிம்பு வரைக்கும் கொட்டிக் கொழுந்தனிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீங்க போடுங்க, தம்பி."

அவன் ஒரு கையால் கிண்ணத்தின் அடியைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் அரிசியை அள்ளினான்.