பழைய ஸ்லாட்டில் ஓர் இடம்

டமார்!

சத்தம் கேட்ட மாத்திரத்தில் வாலு கையிலிருந்த டீயைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டாள். துடைக்கவும் நிற்காமல் உள்ளறைக்கு ஓடினாள். மேசைக்கடியில் வருஷக்கணக்காக முனகிக்கொண்டே உழைத்த பழைய கணினி, பின்பக்கத்து ஓட்டை வழியாகப் புகை விட்டுக்கொண்டிருந்தது. பிடுங்கிய பிளக்கைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, பாம்பை அடித்தவன் போல அண்ணன் நின்றிருந்தான்.

"செத்துடுச்சு," என்றான். "இன்னிக்குன்னு பார்த்து!"

அண்ணன் நடத்துவது ஒரு சின்ன அச்சகம். மை கிடையாது, தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தி எடுக்கும் பிரெய்ல் அச்சு. பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் மறுநாள் காலை கணக்குப் பரீட்சை. கேள்வித்தாளை வாங்கிப்போகச் சாயங்காலம் வேன் வந்துவிடும். அச்சு இயந்திரத்தின் பாஷை தெரிந்த மென்பொருளோ ஒன்றே ஒன்று. அது அந்தப் பழைய கணினியைத் தவிர வேறெதிலும் ஏற மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

"ஸ்கூலுக்கு ஃபோன் பண்ணட்டுமா? ஒரு தடவைக்கு யாராவது கேள்வியை வாசிச்சுக் காட்டினா..." என்று ஆரம்பித்தாள் வாலு.

"அது மட்டும் கூடாது!"

அண்ணன் போட்ட கத்தலில் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அவன் அதிர்ந்து பேசுகிற ஆளே இல்லை. அச்சடித்த தாள்களைக் கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றாக விரலால் தேய்த்து, வாயால் ஊதி, இரண்டு ஒட்டிக்கொள்ளவில்லையே என்று பார்த்துப் பார்த்து அடுக்குகிற பொறுமைசாலி. "தாளுக்குப் பேன் பார்க்கிறான்" என்று வீட்டில் எல்லாரும் கேலி செய்வார்கள்.

"கத்தாதே அண்ணா. நகல் இருக்குல்ல?" என்றாள் வாலு.

வால்தனம் போய்ப் பல காலம் ஆகியும் பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. ஒரு பெரிய கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. விடுமுறை நாட்களில் அண்ணனின் அச்சகம். போன மாதம்தான் பழைய கணினியின் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து, முன்னறையில் இருந்த புதுக் கணினிக்குள் உயிர் கொடுத்திருந்தாள். கணினிக்குள் இன்னொரு கணினி; மெய்நிகர் கணினி என்பார்கள். உடம்பு கிடையாது, உயிர் மட்டும். உள்ளே ஓடும் பழைய மென்பொருளோ, தான் இன்னும் பழைய பெட்டியில்தான் குடியிருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு வேலை செய்யும். அதற்குத் தேவையான கார்டு, கார்டைச் செருகும் ஸ்லாட், எல்லாமே கற்பனை.

"இல்லாத பெட்டியில, இல்லாத ஓட்டையில, இல்லாத கார்டைச் சொருகிட்டு, சம்பளத்தை மட்டும் நிஜமா வாங்கறா என் நாத்தனார்," என்பாள் அண்ணி.

அந்த அண்ணிதான் இப்போது, வாலு முன்னறையில் நகலை எழுப்பிக்கொண்டிருந்தபோது, சுவரைத் தொட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அச்சகத்தின் பிழை திருத்துபவள் அவள்தான்; அவள் விரலை ஏமாற்றிவிட்டு ஒரு புள்ளிகூட வெளியே போக முடியாது.

"என்ன வாலு, உன் ஆவி எழுந்திரிச்சுதா?"

"எழுந்திரிச்சுடுச்சு அண்ணி! இதோ, மென்பொருளும் திறந்துடுச்சு!"

வாலு கேள்வித்தாளை ஏற்றி, அச்சுக்கு அனுப்பும் பொத்தானைத் தட்டினாள். மூவரும் உள்ளறைப் பக்கம் காதை வைத்துக் காத்திருந்தார்கள். தடதடவென்று அதிர வேண்டிய அச்சு இயந்திரம், சாமியார் போல மௌனம் காத்தது.

திரையில் ஒரு வாசகம்: அச்சு இயந்திரத்தைக் காணவில்லை.

ஓரத்தில் நெட்வொர்க் படத்தின் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. அச்சு இயந்திரத்துக்குப் போகும் வழி அந்த நெட்வொர்க்தான். உள்ளே தேடிப் பார்த்தாள். நெட்வொர்க் கார்டு என்ற ஒன்று இருப்பதாகவே பழைய கணினிக்குத் தெரியவில்லை.

"போன மாசம் நல்லாத்தானே ஓடுச்சு!" என்றான் அண்ணன்.

"ஓடுச்சே! நீகூடத்தானே பார்த்தே."

வாலு கார்டைக் கழற்றி மறுபடி செருகினாள். வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினாள். கார்டை இயக்கும் மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருந்த பழையது, "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்று கையை விரித்தது. ஓடும் என்று சத்தியம் செய்து கொடுத்தவள் அவள்தான். உள்ளறையில் ஒரு பெட்டி செத்துக் கிடக்கிறது. இங்கே இருப்பதும் படுத்துவிட்டால், நாளைக்குப் பிள்ளைகள் கையில் வெறுந்தாள்தான்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"கட்டு ரெடியா?"

"இன்னும் கொஞ்சம் நேரமாகும்ணே," என்றான் அண்ணன்.

"சரிதான்! நான் இலையைப் போட்டு உட்கார்ந்துட்டேன், நீங்க இன்னும் அடுப்பே பத்த வைக்கல போலிருக்கே!" ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்தார்.

அண்ணி பெருமூச்சு விட்டாள். "எனக்கு நடந்தது அந்தப் பிள்ளைங்களுக்கு நடக்கக் கூடாது."

"என்னம்மா நடந்தது?" என்றார் டிரைவர்.

அண்ணன் சட்டென்று எழுந்து, "டீ போடறேன்," என்று சமையலறைக்குப் போய்விட்டான். இந்தக் கதை வரும்போதெல்லாம் அவனுக்கு எங்கேயாவது ஒரு வேலை வந்துவிடும்.

"கணக்குப் பரீட்சைண்ணே. என்னை மரியாதையா முதல் வரிசையில உட்கார வச்சாங்க. புது மேசை, தலைக்கு மேல ஃபேன், ஒரு குறை சொல்ல முடியாது. கையில கொடுத்தது மட்டும் எல்லாருக்கும் கொடுத்த அதே மைத்தாள். நல்ல இடம்தான். ஆனா அங்க இருந்தது எதுவும் என் விரலுக்குத் தெரியல. வாசிச்சுக் காட்ட ஒருத்தரை அனுப்பினாங்க. அந்த மகராசன் இரண்டு தாளை ஒண்ணாப் புரட்டிட்டார். நடுவுல ஒரு பக்கமே போச்சு. எனக்கு எப்படித் தெரியும்? கணக்குல ஃபெயில். மறுபடி எழுத ஒரு வருஷம்."

"அடப்பாவி! அவன் கண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்ணினான்?" என்றார் டிரைவர்.

சமையலறையில் டம்ளர் ஒன்று உருண்டது.

வாலுவின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றுவிட்டது.

நல்ல இடம்தான். ஆனால் அங்கே இருப்பது தெரியவில்லை.

"அண்ணி! வாயில சர்க்கரையைப் போடணும் உங்களுக்கு!"

"எதுக்குடி?"

"போன ஞாயித்துக்கிழமை நான்தான் கையை வச்சேன். எல்லாக் கார்டையும் பழைய மாதிரி ஸ்லாட்லேர்ந்து எடுத்துப் புது மாதிரி ஸ்லாட்டுக்கு மாத்தினேன். புது ஸ்லாட் வேகம் ஜாஸ்தி. நல்லது பண்றோம்னு நினைச்சு, திரும்ப அச்சடிச்சுக்கூடப் பார்க்கல."

"நல்ல இடத்துல வச்சா கெட்டுப் போகுமா?" என்று கேட்டுக்கொண்டே டீயோடு வந்தான் அண்ணன்.

"இந்தக் கார்டுக்கு இரண்டு முகம் அண்ணா. பழைய ஸ்லாட்ல வச்சா, பழைய ஆளுக்கு ஒரு முகம், புது ஆளுக்கு ஒரு முகம், இரண்டையும் காட்டும். புது ஸ்லாட்ல வச்சா, இங்க இருக்கிறவங்க எல்லாம் புது ஆளுங்கதான்னு நினைச்சு, பழைய முகத்தை மூடிக்கும். நம்ம பழைய கணினிக்குத் தெரிஞ்சதே அந்த ஒரு முகம்தான். கார்டு எதிர்ல வந்து நின்னாலும் அதுக்கு யாருன்னு தெரியாது."

"சரி, பேசினது போதும். மாத்து!"

புதுப் பாணியில் கட்டிய அந்த மெய்நிகர் கணினியில் இயல்பாகப் பழைய ஸ்லாட்டே கிடையாது; முன்பு சேர்த்திருந்ததையும் ஞாயிறன்று அவளே கழற்றிப் போட்டிருந்தாள். அதனால் வாலு முதலில் ஒரு பாலம் போட்டாள்: ஒரு முனை புது ஸ்லாட்டில் நிற்கும், மறுமுனையில் பழைய ஸ்லாட்டுகள் வரிசையாகத் தொங்கும். அந்த வரிசையின் முதல் ஸ்லாட்டில் நெட்வொர்க் கார்டை உட்கார வைத்தாள். முடியாது என்றது கணினி.

"என்னவாம்?" என்றாள் அண்ணி.

"முதல் சீட் கண்டக்டருக்காம். பாலமே அதை வச்சுக்குமாம்."

டிரைவர் தலையை ஆட்டினார். "நியாயம்தானே?"

கார்டை அடுத்த ஸ்லாட்டுக்குத் தள்ளிவிட்டு, மெய்நிகர் கணினியைத் திரும்ப எழுப்பினாள். திரை விழித்தது. அண்ணன் டீத்தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் டிரைவரின் மடியில் வைத்தான்.

திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் குமிழ் போல எழும்பியது: புதிய சாதனம் கண்டறியப்பட்டது.

"பார்த்துடுச்சு!" என்று கத்தினாள் வாலு.

சிவப்புப் பெருக்கல் குறி மறைந்தது. நெட்வொர்க் விவரங்களை மறுபடி நிரப்பிவிட்டு, அச்சுப் பொத்தானைத் தட்டினாள்.

தட். தட்தட். தடதடதடதட!

உள்ளறையில் இயந்திரம் அதிர்ந்த அதிர்வில் சுவர்க் கடிகாரம் ஆடியது. ஊரே காதைப் பொத்திக்கொள்கிற அந்தச் சத்தம், அந்த நேரத்தில் அவர்களுக்கு நாதஸ்வரமாகக் கேட்டது. வாலு நாற்காலியில் சாய்ந்து, டீ காய்ந்து ஒட்டிப்போன சட்டையை அப்போதுதான் பார்த்தாள். சிரிப்பு வந்தது. அண்ணன் அவள் தலையில் குட்டினான். குட்டின கையாலேயே தடவியும் கொடுத்தான்.

"இனிமே மாத்தினா அச்சடிச்சுப் பார்க்காமப் போவியா?"

"தெய்வமே, மாட்டேன்."

முதல் தாள் வந்ததும் அண்ணி மடியில் வைத்து விரலை ஓட்டினாள். அறையே அவள் முகத்தைப் பார்த்தது.

"ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் நிரப்புகின்றன..." என்று வாசித்தவள் முகம் மலர்ந்தது. "புள்ளி ஒவ்வொண்ணும் முத்து!"

"அந்தத் தொட்டி இன்னுமா ரொம்பல? நான் படிக்கும்போதே திறந்து விட்டாங்களே!" என்றார் டிரைவர்.

எல்லாரும் சிரித்தார்கள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வெள்ளைத் தாள்களின் மேல் விழுந்து, புள்ளிகளுக்கெல்லாம் குட்டிக் குட்டி நிழல் கொடுத்தது. அண்ணன் உள்ளறையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கட்டுகளை அடுக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு தாளையும் விரலால் தேய்த்தான். ஊதினான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். திரும்ப ஊதினான்.

"அண்ணா, வேன் நிக்குது! பேன் பார்த்தது போதும்," என்றாள் வாலு.

"இரு, இரு. இரண்டு ஒட்டிக்கிட்டா என்ன பண்றது?"

வாலு தலையில் அடித்துக்கொண்டாள். "இவன் ஏன் அண்ணி இப்படி இருக்கான்?"

அண்ணி குனிந்து, அவள் காதோடு, ஆனால் உள்ளறைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அன்னிக்கு எனக்கு வாசிச்சுக் காட்ட வந்து, இரண்டு தாளை ஒண்ணாப் புரட்டின மகராசன் வேற யாருன்னு நினைச்சே?"