ஏணியை நடத்தியவன்

பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கென்றே ஒரு சோம்பேறித்தனம் உண்டு. சீலிங் அடிக்கும்போது, இரண்டு பக்கமும் கால் விரிகிற ஏணியின் உச்சியில், பக்கத்துக்கு ஒரு காலாகப் போட்டு உட்கார்ந்துகொள்வோம். கைக்கு எட்டியவரை முடிந்ததும் இறங்க வேண்டும், ஏணியைத் தள்ளி வைக்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். யாரால் ஆகும்? இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் ஏணியே ஓரடி நகர்ந்துவிடும். ஏணியை நடத்துவது என்று இதற்குப் பெயர். இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறேன். ஒரு கையில் டப்பாவோடு ஹாலையே சுற்றி வருவேன்.

என் மனைவிக்கு இது ஆகவே ஆகாது. போன வருடம் இப்படி விழுந்து முழங்கை வீங்கிப் போய் வந்தபோது வீட்டை இரண்டாக்கிவிட்டாள். "இனி ஒரு தடவ ஏணிய நடத்துனீங்கன்னு தெரிஞ்சுது, அப்புறம் நான் மனுஷியாவே இருக்க மாட்டேன்" என்றாள். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். ஒரு வாரம் ஒழுங்காக இறங்கி ஏறினேன்.

அன்றைக்கு ஒரு பெரிய வீட்டில் வேலை. நானும் என் மச்சினனும் மட்டும்தான். மச்சினன் என்றால் இவளுடைய தம்பி. தங்கமான பையன், ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதுமூடியை மாட்டிக்கொண்டு, சுவரில் பூசிக் காய்ந்த பட்டி மாவை மெஷின் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் ஏணியை நடத்தினேன். தரையில் விரித்திருந்த பிளாஸ்டிக் தாள் ஏணியின் காலில் சுருண்டது. அடுத்து நான் பார்த்தபோது என் வலது பாதம், அது வேறு யாருடையதோ மாதிரி, பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது.

கணுக்காலில் இரண்டு பக்கமும் எலும்பு உடைந்திருந்தது. வீக்கம் வடிந்தால்தான் ஆபரேஷன் என்றார் டாக்டர். தலையணைமேல் காலைத் தூக்கிப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அப்போதுதான் மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தாள். வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"ஏணிய நடத்துனீங்களா?"

வலியில் உயிர் போய்க்கொண்டிருந்தது. இந்த நிலையில் இவளிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள என்னால் முடியாது. வாய் கூசாமல் சொன்னேன்.

"நான் எங்க நடத்துனேன்? ஏணி ஆடுது, வந்து பிடிடான்னு கத்துனேன். உன் தம்பி காதுல விழுந்தாத்தானே!"

அவன் கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் பட்டித் தூசி, புருவம்கூட வெள்ளை.

"கூப்பிட்டீங்களா, மாமா?"

"பின்ன?" என்று எரிந்து விழுந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஏழாம் நாள் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். நினைவு இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் டிரில்லிங் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. சுவரில் ஓட்டை போடும்போது கேட்கிற அதே சத்தம்! "எத்தன ஸ்குரூ, டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். "ஒம்பது. ஒரு பிளேட். உங்க வேலைய நீங்க செய்யறப்ப நான் கேட்டேனா?" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டார்.

அதற்கப்புறம் ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. எங்கள் வீடோ இரண்டாம் மாடி. தையல் பிரிக்க, எக்ஸ்ரே எடுக்க என்று போகும்போதெல்லாம் மச்சினன் என்னை முதுகில் சுமந்துதான் இறக்கினான், ஏற்றினான். என் எடை என்ன கொஞ்சமா? தினமும் வேலைக்குப் போகும் முன் வந்து, கட்டு நனையாமல் கவர் சுற்றி, ஸ்டூலில் உட்கார வைத்துக் குளிப்பாட்டிவிட்டுப் போவான். அவன் அக்கா அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டீயை நங்கென்று வைப்பாள். "காதிருந்து என்ன பிரயோஜனம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவன் டீயைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவான்.

எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். நாளைக்குச் சொல்லலாம், கால் ஊன்றியதும் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். பயம். வேறென்ன? குளிப்பாட்டும்போது, கவர் சுற்றியும் போதாதென்று, அவன் என் கட்டின்மேல் தண்ணீர் படாமல் கையால் மறைத்துக்கொள்வான். அதைப் பார்க்க எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஏழாவது வாரம் காலை ஊன்றினேன். கணுக்கால் மரக்கட்டையாக இருந்தது. பிசியோதெரபிக்கார அம்மா, கீழே துண்டைப் போட்டுக் கால்விரலால் சுருட்டச் சொன்னார். துண்டைச் சுருட்ட எனக்கு வேர்த்துக் கொட்டியது. மூன்றாவது மாதம் கைத்தடியோடு நடந்தேன். எலும்பு கூடிவிட்டது, மெல்ல மெல்ல வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, திரும்பும் வழியில் மச்சினன் வேலை செய்கிற வீட்டுக்குப் போகலாம் என்றேன். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கூட வந்தாள்.

ஹாலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மச்சினன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். காதில் மூடி இல்லை. கொஞ்ச நேரம் தேய்ப்பான், மெஷினை நிறுத்துவான், திரும்பி ஏணிமேல் இருந்த ஆளைப் பார்ப்பான், மறுபடி தேய்ப்பான். அவன் நிறுத்திய நேரம் பார்த்து மனைவி "டேய்" என்றாள். அவன் திரும்பவில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டதும்தான் திடுக்கிட்டான்.

"காதுமூடி எங்கடா?" என்றேன்.

"அது வேணாம், மாமா. யாராவது கூப்பிட்டா கேக்கணும்ல? ரெண்டு மாசமா காதுல ங்கொய்ங்குன்னு ஒரே எரைச்சல், அவ்ளோதான். கொஞ்சம் சத்தமா பேசுங்க."

மனைவி அவன் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் உன்னக் கூப்பிடவே இல்லடா" என்றேன்.

"என்ன, மாமா?"

மெதுவாகச் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அன்னைக்கு நான் உன்னக் கூப்பிடவே இல்ல! ஏணிய நடத்துனேன்! உங்க அக்காவுக்குப் பயந்து பொய் சொன்னேன்!"

ஏணியில் இருந்த ஆள் பிரஷ்ஷை நிறுத்தினார். மனைவி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தம்பியைத்தான் பார்த்தாள்.

மச்சினன் மட்டும் மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"இல்ல மாமா, கூப்பிட்டீங்க. மொதல்ல ஞாபகம் இல்ல, நெனச்சு நெனச்சுப் பாத்தப்பதான் வந்துச்சு, காதுமூடிக்குள்ளயும் எனக்குக் கேட்டுச்சு. இந்த ஓரத்த முடிச்சுட்டுத் திரும்பலாம்னு நின்னுட்டேன். இத நான் யார்கிட்டயும் சொல்லல."