ஒரு நூல் கூட மாறக் கூடாது

ஜோதி மேரி பதினான்கு வருஷத்தில் வரைந்த வீடுகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு ஊரே வந்துவிடும். ஆனால் அவள் வரைந்தபடி எழும்பிய வீடு ஒன்று கூட கடலூர் வட்டாரத்திலேயே கிடையாது. மஞ்சக்குப்பத்தில் இன்ஜினியர் இளவரசுவின் மாடி ஆபீசில் அவளுக்கு வேலை, அனுமதிக்குப் போகிற பிளான் வரைவது. அந்தப் பிளானில் வீட்டைச் சுற்றி இடம் விட்டிருக்கும், காற்று வரும், கார் திரும்பும். அனுமதி கிடைத்த மறுநாள் அது பீரோவுக்குள் போய்விடும். கொத்தனார் வருவார், வீட்டுக்காரர் கையை நீட்டிக் காட்டுவார், சுவர் போய் காம்பவுண்டில் ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது அவள் புருஷன் மரிய ஜோசப் சீண்டுவான். "ஏன் மேரி, இந்தத் தெருவுல நீ வரைஞ்ச வீடு எது? கொஞ்சம் காட்டேன், பாப்போம்." அவளும் சிரித்து வைப்பாள். வீட்டுக்கு வந்ததும் குழம்புச் சட்டியை டங்கென்று வைப்பாள். வலிக்காதா பின்னே? பதினான்கு வருஷம் வேலை பார்த்தவளுக்கு விரலை நீட்டிக் காட்ட ஒரு செங்கல் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் சிதம்பரத்திலிருந்து குழந்தைகளுக்கான பல் டாக்டர் ஸ்ரீமதி ஆபீசுக்கு வந்தாள். தன் அப்பா கட்டிய கட்டடத்தில் புது கிளினிக் திறக்கப் போகிறாள். கையில் ஒரு பெட்டி. உள்ளே உள்ளங்கை நீளத்தில் ஒரு ரயில் இன்ஜின், நாலு பெட்டி.

"பிள்ளைங்க வாசல்லயே அழ ஆரம்பிச்சிடுதுங்க மேடம். இந்த ரயில் ஹால்ல கிளம்பி, சுவத்துல ஓட்டை வழியா என் ரூமுக்குள்ள வரணும். நாற்காலில படுத்திருக்கிற பிள்ளைக்கு எதிர்ல சுத்திட்டுத் திரும்பிப் போவணும். அதுக்கு ஒரு பிளான் போடணும். திறப்பு விழா அன்னைக்கு ஓடலன்னா டிவி மாட்டிடுவேன். டிவிக்காரர் ரெடியா இருக்காரு."

இளவரசு விழுந்து விழுந்து சிரித்தார். "பொம்மை ரயிலுக்குப் பிளானா? மேரி, நீயே பாத்துக்க."

ஜோதி மேரி பார்த்துக்கொண்டாள். ரயில் பாதை வரைவதற்கென்றே ஒரு மென்பொருள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. நேர்த் தண்டவாளம், வளைவுத் தண்டவாளம், பாதை பிரிகிற இடத்துக்குத் தனித் துண்டு, எல்லாம் கடையில் விற்கிற அளவிலேயே அதில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஒட்ட வேண்டியதுதான். ஆனால் அது சாமானியத்தில் மசிகிற ஆள் இல்லை. வீட்டுப் பிளானில் ஒரு சுவரை எங்கே இழுத்துவிட்டாலும் கோடு வாயைத் திறக்காது. இங்கே இரண்டு முனைகள் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் சிவப்பு வட்டம் போட்டு நின்றது. டாக்டர் அறையில் பாதை அலமாரிக்கு மேலே ஓட வேண்டும், அதனால் ஹால் பலகையிலிருந்து மூன்று இஞ்சு ஏற வேண்டும். அதற்கு அஞ்சடி கொடுத்துப் பார்த்தாள். இன்ஜின் இழுக்காது, பத்தடி கொடு என்றது. அடேயப்பா, இப்படிக் கண்டிப்பான ஒருவரை அவள் தொழிலில் இதுவரை பார்த்ததில்லை. அவளுக்கு அதை ரொம்பப் பிடித்துப்போனது.

அந்தக் கட்டடத்துக்கு ஒன்பது வருஷத்துக்கு முன் அனுமதி பிளான் வரைந்ததே அவள்தான். பழைய ஃபைலைத் திறந்தாள், அளவெல்லாம் தயாராக இருந்தது, அதன் மேலேயே பாதையைப் போட்டாள். இரண்டு வாரம், மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதுதான். கடைசி முனை வந்து சேர்ந்து சிவப்பு வட்டம் மறைந்த அன்று, திரையில் குட்டி ரயில் நிற்காமல் சுற்றியது. அவள் எலுமிச்சை சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து பார்த்தாள்.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை பிளானைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினாள். ஹாலுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பதினாலடி நீளச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில், எட்டடி தாண்டியதும் ஒரு பாத்ரூம் துருத்திக்கொண்டு நின்றது. அவள் பிளானில் இல்லாத பாத்ரூம்.

கார்ப்பெண்டர் பொன்னுரங்கம் பிளானை விரித்துப் பார்த்தார். மனுஷனுக்குக் கள்ளம் கபடம் கிடையாது, மரியாதையாகவே கேட்டார். "இது நகராட்சி ஆபீசுக்குக் குடுக்கிற பிளானுங்கம்மா. கட்டுற பிளான் எங்க?"

அவளுக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஊரிலுள்ள அத்தனை பேரும் அந்தப் பிளானை நம்பி ஏமாறலாம், அவள் ஏமாறலாமா? கட்டடத்தைப் போய்ப் பார்க்காமல், தான் வரைந்த பொய்யைத் தானே நம்பி அதன் மேல் ரயில் விட்டிருக்கிறாளே!

"இதுக்கு ஏன்மா மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க? வளைவு போக மிச்சம் இருக்கிற அஞ்சடில ஏத்திடுவோம். ஜாஸ்தி யோசிக்காதீங்க" என்று பொன்னுரங்கம் ஒரு பலகையைச் செங்கல்லில் சாய்த்துத் தண்டவாளத்தை வைத்தார். இன்ஜின் பாதி தூரம் ஏறியது. அங்கேயே சக்கரம் சுற்றிக்கொண்டு நின்றது. பிறகு நாலு பெட்டியோடும் பின்னால் வழுக்கி வந்தது. ஸ்ரீமதி போனை எடுத்தாள். டிவிக்காரருக்குத்தான்.

"டாக்டர், வெள்ளிக்கிழமை காலையில ஓடலன்னா நானே ஏணி போட்டு அந்த டிவிய மாட்டித் தரேன்" என்றாள் ஜோதி மேரி. ஸ்ரீமதி போனை வைத்தாள்.

பிறகு ஜோதி மேரி டேப்பை எடுத்தாள். பதினான்கு வருஷத்தில் முதல் முறையாக, இருக்கிற கட்டடத்தை இருக்கிறபடி அளந்தாள். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு மூலை கூடச் சரியாக இல்லை. நீளச் சுவரைப் பாத்ரூம் தின்றிருந்தது. ஆனால் அகலத்தில் ஹால் மூன்றடி கூடுதலாக இருந்தது! பக்கத்தில் காலியாக விட்டதாக அவள் காட்டியிருந்த இடத்தை ஹால் விழுங்கியிருந்தது. அந்தத் திருட்டு மூன்றடி அவளைக் காப்பாற்றியது. ஏற்றத்தை முன்சுவரிலேயே தொடங்கி, மூலையில் வளைத்து, பாத்ரூம் வருவதற்குள் முடித்தாள். பத்தடி நாலு இஞ்சு. புதன்கிழமை மாலை மென்பொருள் ஒரு சிவப்பு வட்டம் கூடப் போடவில்லை.

சரி, வரைந்தாயிற்று. பொன்னுரங்கம் அப்படியே செய்ய வேண்டுமே? யோசித்து, மஞ்சக்குப்பத்தில் சுப்புராயனின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனாள். திருவந்திபுரம் கோயிலில் நடக்கிற கல்யாணங்களுக்கு அங்கே பேனர் மலை மாதிரி குவிந்து கிடந்தது. பாதை முழுவதையும், சுருக்கி இல்லை, அசல் அளவிலேயே எட்டடித் துண்டுகளாக அடிக்கச் சொன்னாள். சுப்புராயன் திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"வெறும் கோடா இருக்குதே. பொண்ணு மாப்ள போட்டோ எங்கம்மா?"

"கோடுதாண்ணே மாப்ள. அடிங்க."

வியாழக்கிழமை அந்த ஃப்ளெக்ஸைப் பலகை மேல் விரித்து ஒட்டினாள். ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் ஒவ்வொரு ஆணிக்கும் இடம் அதிலேயே இருந்தது. "அண்ணே, கோட்டு மேல வெட்டுங்க, புள்ளி மேல அடிங்க. ஒரு நூல் கூட மாறக் கூடாது." இஞ்சில் எட்டில் ஒரு பங்குதான் நூல். பொன்னுரங்கம் முணுமுணுத்தார், முப்பது வருஷ அனுபவம் என்றார், டீ குடிக்கப் போனார், திரும்பி வந்தார். ஆனால் ஆணி வைக்கிற இடத்தைப் புள்ளி காட்டும்போது எந்தக் கை தப்பாக அடிக்கும்? மாலைக்குள் அவரே குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிக் கோடு பார்த்துக்கொண்டிருந்தார். "யம்மா, இது புள்ளி மேலயே உக்காருதும்மா!"

வெள்ளிக்கிழமை காலை ஹால் நிறையக் குழந்தைகள், அழுகை. இளவரசுவும் வந்து கையில் பொங்கல் தட்டோடு நின்றார். ஸ்ரீமதி பொத்தானை அழுத்திவிட்டுத் தன் அறைக்குள் போனாள்.

ரயில் நகர்ந்தது. முன்சுவரில் ஏறத் தொடங்கியது. ஜோதி மேரி தன் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். மூலையில் வளைந்தது, வேகம் லேசாகக் குறைந்தது, ஐயோ என்று அவள் வாய் திறப்பதற்குள் நாலு பெட்டியையும் இழுத்துக்கொண்டு மேலே போய், பாத்ரூமை உரசாமல் தாண்டி, சுவர் ஓட்டைக்குள் நுழைந்தது. உள்ளே நாற்காலியில் படுத்திருந்த சிறுமி அழுகையை நிறுத்தினாள். "ரயிலு!" என்று வாயைப் பெரிதாகத் திறந்தாள். ஸ்ரீமதிக்கு வேண்டியது அதுதான், பல் பார்க்கிற கண்ணாடியை உள்ளே விட்டுவிட்டாள்.

ஹாலே கைதட்டியது. பொன்னுரங்கம் டேப்பை எடுத்துப் பாதையை அங்கங்கே அளந்து, பிளானோடு ஒப்பிட்டு, எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார். "பாருங்க, வரைஞ்சபடியே இருக்குது. ஒரு நூல் மாறல!"

இளவரசு தட்டைக் கீழே வைத்தார். "மேரி, இதுக்கு யாரு அப்ரூவல் குடுத்தா?"

"ரயிலே குடுத்துடுச்சு சார்."

சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து புருஷனுக்குப் போன் போட்டாள். கண் கலங்கியிருந்தது, துடைக்கவில்லை.

"ஏங்க, அரை நாள் லீவு போடுங்க. சிதம்பரம் பஸ் ஏறி உடனே வாங்க."

"என்னாச்சு மேரி? ஏன் அழுவுற?"

"வாங்க சொல்றேன். நான் வரைஞ்சது எதுன்னு கேப்பீங்கல்ல? விரல நீட்டிக் காட்டுறேன், வாங்க."