நெலிதா கேட்ட ஒரு வாரம்

மூன்றாவது முறையாக அன்செல்மோ கேட்டபோது நெலிதா மறுக்கவில்லை. ஒரு வாரம் கேட்டார். யோசிப்பதற்கு அல்ல, இருவரும் ஒரே அறையில் இருந்து பார்ப்பதற்கு.

“இந்த அஞ்சு வருஷத்துல ரெண்டு ராத்திரிக்கு மேல சேந்தாப்புல இருந்திருக்கோமா? எங்கயாவது போவோம். ஒரே ரூம், ஒரே பாத்ரூம். ஊருக்குத் திரும்பறதுக்குள்ள சொல்லிடறேன்.”

“பரீட்சையா?”

“ஆமா. ரெண்டு பேருக்கும்தான்.”

அன்செல்மோ கேட்டது இதுதான்: நெலிதா தன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவர் வீட்டில் குடியேற வேண்டும். இரண்டு வீடுகளுக்கும் நடுவே மூன்று தெருக்கள்கூட இல்லை. அன்செல்மோ தானியக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். நெலிதா மருந்துக்கடை நடத்தியவர், கணவரைப் பிரிந்து வெகுகாலம் ஆகிறது. இரவுச் சாப்பாடு முடிந்து அன்செல்மோ தன் வீட்டுக்கு நடந்து போவதை எங்கள் அசூல் ஊரில் பார்க்காதவர் இல்லை. இந்த வயதில் எதற்கு இந்த நடை என்று கறிக்கடைக்காரர் முதல் பாதிரியார் வரை கேட்டாயிற்று. போதாததற்கு, ஆஸ்பத்திரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பெண் டாக்டர் ஒருவருக்கு நெலிதாவின் வீடு பிடித்துப்போயிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொன்னால் போதும் என்றிருந்தார்.

ப்யூனஸ் ஐரிஸ் போகும் பஸ்ஸில் இருவரும் ஆளுக்கொரு பிளாஸ்க்கைத் திறந்தார்கள். மாத்தே இலைப்பானம் குடிக்க ஆளுக்கொரு குடுவை, ஆளுக்கொரு உறிஞ்சுகுழல். எங்கள் பக்கம் ஒரே குடுவைதான் கை மாறிக்கொண்டிருக்கும். கணவனும் மனைவியும் தனித்தனியே குடித்தால் வக்கீலைப் பார்த்தாயிற்று என்று அர்த்தம். எதிர்வரிசைப் பெண்மணிக்குப் பொறுக்கவில்லை.

“என்னங்க, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?”

“அதெல்லாம் இல்லம்மா. நான் மாத்தே குடிக்கிறேன், இவ கஷாயம் குடிக்கிறா” என்றார் அன்செல்மோ.

“அவர் குடிக்கிறதுக்குப் பேரு மாத்தே இல்லைங்க. வெந்நீர்ல கரைச்ச மிட்டாய்” என்றார் நெலிதா.

தலைநகரில் மூன்று நாட்கள், பிறகு இகுவாசு அருவி என்பது திட்டம். அந்த மூன்று நாட்கள் நன்றாகவே போயின. ஹகரந்தா மரங்கள் பூத்து நடைபாதையெல்லாம் ஊதா நிறமாகக் கிடந்தது. கொரியென்தெஸ் வீதியில் நின்றபடியே பீட்சா சாப்பிட்டார்கள். நாடகத்தில் அன்செல்மோ முதல் காட்சியிலேயே தூங்கிவிட்டு, மற்றவர்கள் கைதட்டியபோது எழுந்து எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். வெளியே வந்ததும், கதாநாயகி மட்டும் இன்னும் கொஞ்சம் நன்றாக நடித்திருக்கலாம் என்றார்.

“எந்தக் கதாநாயகி? அதுல நடிச்சது ரெண்டு ஆம்பளைங்க.”

“அதத்தான் சொல்றேன். ஒருத்தியப் போட்டிருக்கலாம்.”

நெலிதா நடைபாதையில் நின்று சிரித்தார். இவரோடு இருப்பதில் ஒரு குறையும் இல்லை என்று அப்போது அவருக்குத் தோன்றியது. தோன்றிய மறுகணமே சங்கடமாகவும் இருந்தது. குறை இருந்தால் பதில் சொல்வது சுலபம்.

மூன்றாம் நாள் மாலை நெலிதா ஹோட்டல் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டுப் புத்தகம் படித்தார். அழுகை, கோபம் எதுவும் இல்லை. யாரும் இல்லாமல் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அந்தக் கட்டடத்திலேயே அதற்கு வேறு இடம் கிடையாது.

கதவு தட்டப்பட்டது. “ஏ நெலி, உயிரோட இருக்கியா?”

“இருக்கேன் கெழவா, இருக்கேன்.”

“ஆத்துத் தண்ணி பூரா நீயே செலவு பண்ணிட்டா அருவிக்கு என்ன மிஞ்சும்?”

நெலிதா குழாயை மூடினார். பாதியில் நின்ற பக்கத்தை மடித்துவைத்துவிட்டு வெளியே வந்தபோது, அன்செல்மோ மறுநாள் விமானத்துக்காக இருவர் பெட்டிகளையும் ஒழுங்காக அடுக்கிவைத்திருந்தார். நெலிதாவின் ரவிக்கைகள் நெலிதா வழக்கமாக மடிக்கும் விதத்தில் மடிக்கப்பட்டிருக்கவில்லை. அதைச் சொல்ல நெலிதாவுக்கு வாய் வரவில்லை.

இகுவாசுவில் வெயிலும் ஈரமும் சேர்ந்து ஆளை வேகவைத்தன. முதல் நாள் கீழ்ப்பாதையில் நடந்தார்கள். நீண்ட மூக்கை ஆட்டிக்கொண்டு வந்த கோவாத்தி என்ற காட்டுப் பிராணி ஒன்று அன்செல்மோவின் கையிலிருந்த சாண்ட்விச்சைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. மறுநாள் காட்டு ரயிலில் ஏறி, சாத்தானின் தொண்டை என்ற பெரிய அருவியைப் பார்க்கப் போனார்கள். ரயிலிலிருந்து இறங்கியபின் ஆற்றின் மேலே இரும்புப் பாலத்தில் வெகுதூரம் நடக்க வேண்டும். நடுவழியில் அன்செல்மோ நின்று தலையைத் தடவிப் பார்த்தார்.

“தொப்பிய ரயில்லயே விட்டுட்டேன். நீ போய்க்கிட்டே இரு, பின்னாலயே வர்றேன்.”

நெலிதா போனார். பாலம் முடியும் இடத்தில் ஆறு முழுவதும் சட்டென்று கீழே விழுந்தது. விழுகிற இடம் தெரியவில்லை, வெள்ளைப் புகைதான் மேலே எழுந்தது. முகம், கண்ணாடி, முடி எல்லாம் நனைந்தன. நெலிதா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரிடமும் “எவ்வளவு அழகு பாரு” என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. யாருக்குப் பசிக்கிறது, யாருக்குக் கால் வலிக்கிறது என்ற நினைப்பும் இல்லை. இந்தப் பயணத்தில் மட்டுமல்ல, பல மாதங்களில் அவர் அத்தனை சந்தோஷமாக இருந்தது அங்கேதான்.

நேரம் நிறைய ஆகிவிட்டது என்பது பிறகுதான் உறைத்தது. அன்செல்மோவைக் காணோம். மேடையில் நின்ற அத்தனை பேரும் பூங்கா வாசலில் விற்ற அதே நீல பிளாஸ்டிக் மழைக்கோட்டைப் போட்டிருந்தார்கள். கூப்பிட்டாலும் இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை. நெலிதா ஒவ்வொரு நீலத் தலையாக எட்டிப் பார்ப்பதைக் கவனித்த ஒரு பருத்த பெண் அருகில் வந்து காதில் கத்தினாள்.

“யாரத் தேடறீங்க? புள்ளையா?”

“இல்ல. எங்காளு.”

“எத்தன வயசு?”

“அறுபத்தெட்டு!”

அந்தப் பெண் கடற்கரை ஊரான மார் தெல் ப்ளாத்தாவிலிருந்து வந்தவள். அங்கே மணலில் ஒரு குழந்தை தொலைந்துபோனால், பெற்றவர்கள் கிடைக்கும்வரை சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் கைதட்டுவார்கள். கைதட்டல் கேட்கும் திசையில் பெற்றவர்கள் தேடி ஓடிவருவார்கள். “அறுபத்தெட்டும் புள்ளதான்!” என்று கத்திவிட்டு அவள் தலைக்குமேல் கைகளைத் தூக்கித் தட்ட ஆரம்பித்தாள். கூட வந்தவர்களும் தட்டினார்கள். அருவியின் இரைச்சலில் அது பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்கவில்லை. ஆனால் பாலத்தில் வந்துகொண்டிருந்தவர்கள் தூக்கிய கைகளைப் பார்த்தார்கள். எங்கள் நாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அவர்களும் தட்டினார்கள், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும். வெட்கத்தில் நெலிதா மழைக்கோட்டின் தலைப்பகுதியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அன்செல்மோ அப்போது பாலத்தின் நடுவே ஒரு தீவுத்திட்டிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தொப்பி கிடைத்துவிட்டது. நெலிதா அருவியைப் பார்த்துவிட்டு இந்த வழியாகத்தானே திரும்ப வேண்டும், அவசரப்படுத்துவானேன் என்று காத்திருந்தார். கைதட்டல் தன்னை நோக்கி வந்ததும் எழுந்தார். யாரோ குழந்தையைத் தொலைத்துவிட்டார்கள், அதுவும் ஆற்றின் நடுவே. பதறிப்போய்த் தானும் கைதட்டிக்கொண்டு அருவியை நோக்கி வேகமாக நடந்தார்.

நெலிதா அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். கோணலாக வைத்த தொப்பி, உயர்த்திய கைகள், யாருடையதோ தெரியாத ஒரு குழந்தைக்காக வெளுத்துப்போன முகம். அவர் நெலிதாவை இன்னும் பார்த்திருக்கவில்லை. நெலிதா கூப்பிடாமல், அவர் வருவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“யார் புள்ள?” என்று மூச்சு வாங்கக் கேட்டார் அன்செல்மோ. “கெடைச்சுதா?”

“கெடைச்சுது.”

“எங்க?”

“இந்தா, தொப்பி போட்டுக்கிட்டு நிக்குது.”

மார் தெல் ப்ளாத்தாக்காரி அவர் இரு கன்னத்திலும் முத்தமிட்டு, “இனிமே அம்மா கைய விடாதப்பா” என்றாள்.

அன்று மாலை ஆற்றங்கரை உணவகத்தில் மீனும் பொரித்த மரவள்ளிக்கிழங்கும் வந்தபோது நெலிதா பதிலைச் சொன்னார்.

“நான் வரல அன்செல்மோ. என் வீட்டுலயே இருந்துக்கறேன்.”

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “நான் என்ன தப்புப் பண்ணேன்?”

“ஒண்ணுமில்ல. அதனாலதான் இத்தன நாளாச்சு சொல்றதுக்கு.” நெலிதா அவசரப்படாமல் பேசினார். “அங்க தனியா நின்னேன் பாரு, நீ இல்லைன்னு ஞாபகமே இல்ல. அவ்வளவு நல்லா இருந்துச்சு. அப்புறம் நீ தூரத்துல வந்த. அது அதவிட நல்லா இருந்துச்சு. எனக்கு ரெண்டும் வேணும். ஒரே வீட்டுல இருந்தா நீ எங்கேருந்து வருவ? கொல்லைப்பக்கத்துலேருந்தா?”

அன்செல்மோ ஆற்றைப் பார்த்தார். எதிர்க்கரை பிரேசிலில் ஒரு விளக்கு எரிந்தது. அவர் முகம் சுருங்கியிருந்தது. நெலிதா கிழங்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

“ஊர்ல என்ன சொல்வாங்க?” என்றார் அன்செல்மோ கடைசியில்.

“அஞ்சு வருஷமா சொல்றதத்தான். புதுசா என்னத்தக் கண்டுபிடிக்கப் போறாங்க?”

அன்செல்மோ ஒரு கிழங்கை எடுத்து உப்பில் தொட்டுத் தின்றார். இன்னொன்றையும் தின்றார். “நெலி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?”

“சொல்லு.”

“விடியக்காலமே முழிப்பு வந்து, நீ முழிச்சுக்கக் கூடாதேன்னு அஞ்சு நாளா சுவத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன். இருமல் வந்தாக்கூட தலகாணிய வாயில அமுக்கிக்கிட்டேன். கல்யாணம் ஆன நாள்லகூட நான் இவ்வளவு நல்லவனா இருந்ததில்ல.”

நெலிதா சிரித்ததில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்செல்மோ சிரிக்கவில்லை. ஆனால் தோள்கள் தளர்ந்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “சனிக்கிழமையாவது?” என்று கேட்டார்.

“சனி, ஞாயிறு உன் வீடு. ஆனா என் துணிய நீ மடிக்கக் கூடாது.”

டாக்டருக்கு நெலிதா விமான நிலையத்திலிருந்தே போன் செய்தார். அந்தப் பெண்ணுக்கு வருத்தம்தான். மரியாதையாக, வேறு வீடு பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அசூல் பஸ் நிலையத்தில் அவர்கள் ஏறிய டாக்சியை ஓட்டியவர் இருவரையும் நன்றாகத் தெரிந்தவர். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, “எந்த வீட்டுக்குப் போகணும்?” என்று கேட்டார். அதைக் கேட்க அவர் ஒரு வாரமாகக் காத்திருந்திருக்க வேண்டும்.

“மொதல்ல அவங்க வீடு, அப்புறம் என் வீடு” என்றார் அன்செல்மோ.

டிரைவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். நெலிதாவின் வாசலில் அன்செல்மோ பெட்டியை இறக்கிவைத்தார். உள்ளே வரவில்லை.

“எட்டு மணிக்கு வரவா?”

“எட்டரைக்கு வா. குளிக்கணும்.”

“அப்ப ஒம்பது” என்று சொல்லிவிட்டு டாக்சியில் ஏறிக்கொண்டார்.