நியூட்ரலில் பாய்ந்த கார்

கிளட்ச் இல்லாத கார் ஒன்று உலகத்தில் உண்டு என்று சொன்னால் அன்று எங்கள் ஊர் நூம்பலில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். உலகச் சண்டை முடிந்து ஊர் திரும்பிய பட்டாளத்து அதிகாரி ஒருவர் விட்டுப்போன அமெரிக்கக் காரை ஆவடியில் வாங்கி வந்தார் வீரராகவ முதலியார். கியர் தானாகவே மாறிக்கொள்ளும். அதை ஓட்டியவன் தசரதன், என் தங்கை வடிவின் புருஷன்.

வந்த வாரமே அது தன் குணத்தைக் காட்டிவிட்டது. லிவர் நியூட்ரலில் இருக்கும்போதே உள்ளே கியர் விழுந்து முன்னால் பாயும். கைபிரேக் பேருக்குத்தான். இன்ஜின் ஓடுகிறவரை தசரதன் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதே இல்லை. முதலியாரிடம் சொன்னான். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய மனுஷர், "கண்ணு பட்டுப்போச்சுடா, வெள்ளிக்கெழம ஒரு பூசை போட்டுடலாம்" என்றார். தசரதனுக்கும் அது நியாயமாகவே பட்டது.

பிள்ளையார் கோயில் முன்னால் கார் நின்றது. அணைத்தால் மறுபடி கிளம்ப அடம்பிடிக்கும், பூசை நேரத்தில் அது அபசகுனம் என்று இன்ஜினை ஓடவிட்டிருந்தார்கள். பூசணிக்காய் சுற்றியாயிற்று. சுமங்கலி கையால் வைக்கட்டும் என்று முதலியார் வீட்டில் சொன்னதால், முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வடிவு குனிந்தாள். அந்த நேரம் பார்த்துப் பூசாரி கற்பூரத் தட்டைக் கார்க் கதவருகே நீட்டினார். உட்கார்ந்தபடியா கற்பூரம் ஒற்றிக்கொள்வது? தசரதன் செருப்பை உதறிவிட்டு இறங்கி, இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

கார் பாய்ந்தது. முன் சக்கரம் வடிவின் இடுப்பில் ஏறியது.

டிரைவர்தான் கியரைத் தட்டியிருப்பான் என்று ஊரே பேசிற்று. போலீஸ்காரரும் அதையே சொன்னார். அவன் தட்டவில்லை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அவன் மூஞ்சியைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. காலை எடுக்காமல் இருந்திருக்கலாமே பாவி என்று இன்றைக்கும் எரிகிறது.

மறுநாள் பட்டணத்து ஆஸ்பத்திரியில் வடிவு கண் திறந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. தசரதன் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"நியூட்ரல்லதான் இருந்திச்சும்மே" என்றான்.

"தெரியும்யா. எங்கிட்ட எதுக்குச் சொல்லிகினு கீறே." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "கற்பூரம் எடுத்தியே, இன்னா வேண்டிகினே?"

அவள் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"காரு தானா ஓடக்கூடாதுன்னு" என்று சொல்லிவிட்டு அழுதான்.

வடிவு அவன் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள். "அழுவாத. இஞ்சின் சத்தத்துல சாமி காதுல வியுந்திருக்காது" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். உடம்பை எடுத்து வரக் காரை அனுப்பட்டுமா என்று முதலியார் ஆள் விட்டுக் கேட்டார். நாங்கள் மாட்டுவண்டி பிடித்தோம்.